எட்டு வேகன், மூன்று சைடிங்

1891-ஆம் ஆண்டு லைப்சிக் நகரத்து வசந்தகாலச் சந்தையில் மெர்க்லின் கம்பெனியார், எட்டு என்னும் இலக்கம்போல் வளைந்த தண்டவாளத்தின்மேல் தங்கள் விளையாட்டு ரயிலை ஓடவிட்டுக் காட்டிய நாள்தொட்டு, மாதிரி ரயில் என்றாலே கூடத்தின் நடுவில் ஓயாமல் சுற்றிவரும் வண்டி என்ற எண்ணமே ஜனங்களின் மனத்தில் வேரூன்றியது. ஆனால் மெய்யான ரயில்வேயில் ஒரு சரக்கு வேகன் தன் ஆயுளின் பெரும்பகுதியை ஓட்டத்தில் அல்ல, யார்டுகளிலும் ஆலைகளின் கிளைத்தடங்களான சைடிங்குகளிலும் காத்து நிற்பதிலேயே கழிக்கிறது. அதை இழுத்து, தள்ளி, வரிசை மாற்றி, உரிய வாசலில் கொண்டு சேர்க்கும் ஷண்டிங் உத்தியோகமே சரக்குப் போக்குவரத்தின் ஜீவநாடி. அந்த எளிய தொழிலுக்கு மாதிரி ரயில்காரர்கள் செய்த மரியாதையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அத்தொழில் ஒரு காலத்தில் மிகக் கொடியதாக இருந்தது. அமெரிக்க ரயில்களில் வளையத்தையும் ஆணியையும் கொண்டு வண்டிகளைப் பிணைத்த நாட்களில், நெருங்கிவரும் இரண்டு வேகன்களுக்கு நடுவே நின்று ஆணியைச் செருகவேண்டிய பிரேக்மேன்கள் விரல்களையும், பலசமயம் பிராணனையும் இழந்தார்கள். 1873-இல் ஈலை ஜான்னி என்பவர், மடித்த விரல்கள் ஒன்றையொன்று பற்றுவதுபோல் தானாகவே பூட்டிக்கொள்ளும் கப்ளிங்குக்குக் காப்புரிமை பெற்றார். 1893-இல் இயற்றப்பட்ட பாதுகாப்புச் சட்டம் அத்தகைய தானியங்கிக் கப்ளிங்குகளைக் கட்டாயமாக்கிற்று.

1960-ஐ ஒட்டி, எட்வர்ட்ஸ் சகோதரர்களின் கேடீ நிறுவனம் இதே உருவத்தை 87-இல் ஒரு பங்கு அளவுள்ள வண்டிகளுக்குக் கொண்டுவந்தது. மெய்யான வேகனில் காற்றுபிரேக் குழாய் தொங்கும் இடத்தில் அதேபோல் வளைந்த ஒரு சிறு எஃகுக் கம்பியைத் தொங்கவிட்டு, தண்டவாளத்தின் நடுவே ஒரு காந்தத்தையும் பதித்துவிட்டால், அந்த இடத்தில் வண்டியை நிறுத்திக் கப்ளிங்கின் இழுப்பைச் சற்றே தளர்த்தியதும் கம்பிகள் பக்கவாட்டில் விலகிப் பிடி அவிழ்கிறது. கைபடாமல் வண்டிகளைப் பிரிக்க முடிந்த பிறகல்லவோ ஷண்டிங் என்பது மேஜைமேல் நடத்தத்தக்க ஒரு காரியமாயிற்று!

ஷண்டிங்கில் கண்கள் வண்டிகளின்மேலேயே நிலைத்திருப்பதால், அவையும் அந்தக் கவனத்துக்கு ஈடுகொடுக்கவேண்டும். வேகமாகக் கடந்துபோகும் ரயிலில் கண்ணுக்குத் தப்பும் குறை, இரண்டு சாண் தொலைவில் மெல்ல ஊர்ந்துவந்து நிற்கும் வேகனில் தப்பாது. ஆகவே, 40 அடி மூடு வேகனின் உருவமாகிய 14 சென்டிமீட்டர் பெட்டியின்மேல், பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்த கைப்பிடிகளைக் கூரிய கத்தியால் சீவியெடுத்து, நூலிழைபோன்ற துரப்பணத்தால் துளையிட்டு, வளைத்த கம்பியைப் பொருத்துகிறார்கள். பிறகு நீர்த்த கறுப்புச் சாயம் பலகை இடுக்குகளில் இறங்குகிறது. சாக்குக் கட்டித் தூள் துருவாகவும் புழுதியாகவும் படிகிறது. காலத்தையும் பார்க்கவேண்டும்: 1966-க்குப் பின் அமெரிக்காவில் கட்டப்பட்ட புது மூடு வேகன்களுக்குக் கூரைமேல் நடைபலகை கிடையாது.

இத்தகைய அழுக்கேறிய அழகைப் பரப்பியவர்களில் முதன்மையானவர் கலிபோர்னியாவில் மான்டரே நகரத்துப் புகைப்படக்காரர் ஜான் ஆலன். தம் வீட்டு நிலவறை முழுவதும் மலையும் பாலமுமாக ஒரு பிரம்மாண்டமான ரயில் உலகத்தைச் சிருஷ்டித்த அவரே, தடம் பிரிக்கும் ஐந்து பாயின்ட்களும் ஒரு சில வேகன்களும் மட்டுமே கொண்ட ‘டைம்சேவர்’ என்ற ஷண்டிங் புதிரையும் வகுத்து 1972-இல் பிரசுரித்தார். 1973 ஜனவரியில் அவர் மாரடைப்பால் காலமானார். பத்தே நாட்களில் தீ அந்தப் பெரிய அமைப்பை அழித்துவிட்டது. பலகைமேல் அடங்கும் புதிரோ, வரைபடமாகவே வீடுவீடாகப் பரவிற்று.

எனினும் என் மதிப்பில் அதனினும் சிறந்தது ஆங்கிலேயரான ஆலன் ரைட்டின் ‘இங்கில்நுக் சைடிங்ஸ்’. நார்தம்பர்லாண்டில் ஆனிக் – கார்ன்ஹில் கிளைப்பாதையில் இருந்த கில்ஹாம் சைடிங்கை முன்மாதிரியாகக் கொண்ட அதில் இரண்டே பாயின்ட்கள், மூன்று சைடிங்குகள். ஒன்று ஐந்து வேகன்களையும் மற்ற இரண்டும் மும்மூன்றையும் கொள்ளும். முன்னே நிற்க இடமோ இன்ஜினுக்கும் மூன்று வேகன்களுக்கும் மட்டுமே. எட்டு வேகன்களில் குலுக்கலில் விழுந்த ஐந்தை, விழுந்த வரிசையிலேயே கோக்கவேண்டும். அதற்கு 6,720 வரிசைகள் உண்டு. முன்னிடத்தில் இன்னும் இரண்டு வேகனுக்கு இடம் கொடுத்தால் வேலை இலகுவாகிவிடும், யோசனைக்கு வேலையிராது. ரைட்டின் மேதைமை அந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது. பின்னாளில் இப்புதிரை ஏற்ற அமெரிக்கர்களும் தங்கள் நீண்ட வேகன்களுக்காகப் பலகையை மட்டும் நீட்டிக்கொண்டு, ஐந்து, மூன்று, மூன்று என்ற கணக்கை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.