கரியோடு வந்த நானூறு ரூபாய்

ஒடிசாவின் தால்ச்சரில் வெட்டும் நிலக்கரி சரக்கு ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், கப்பலேறி எண்ணூரில் இறங்கி, கன்வேயரில் வடசென்னை அனல்மின் நிலையத்துக்குள் நுழையும். 2010 ஜூலை 1 முதல் ஒவ்வொரு டன்னோடும் ஒரு வரியும் சேர்ந்து பயணித்தது. பிரணாப் முகர்ஜியின் பட்ஜெட்டில் ‘தூய எரிசக்தி செஸ்’ என்று பிறந்தபோது 50 ரூபாய். அருண் ஜேட்லி காலத்தில் 100, 200 என்று ஏறி 2016-ல் 400 ஆனது. பெயரில் கார்பன் இல்லையே தவிர, இது கார்பன் வரியின் தம்பிதான்.

புகை குறைந்ததா? ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் கரி வேண்டும். அப்படியானால் யூனிட்டுக்கு 28 பைசா. அதை எரிபொருள் செலவில் சேர்த்து மின்சாரம் வாங்குபவர் தலையில் கட்டிவிடலாம். கொதிகலனுக்கோ கரியை விட்டால் கதியில்லை. தால்ச்சர் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். எடைக்கு வரி என்பதால் சாம்பலுக்கும் கட்டியாக வேண்டும். 2010-11-ல் சுமார் 53 கோடி டன்னாக இருந்த நாட்டின் கரி உற்பத்தி 2024-25-ல் 100 கோடியைத் தாண்டியது. வரி இல்லாவிட்டால் இன்னும் கூடியிருக்கும் என்று வாதிடலாம். 28 பைசாவுக்கு அவ்வளவு தெம்பு உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. 1991-ல் கார்பன் வரி போட்ட சுவீடனில், வீடுகளுக்கு வெப்பம் அனுப்பும் நிலையங்கள் எண்ணெயை விட்டு மரக்கழிவுக்கு மாறின. அங்கே வரியும் கனம், மரமும் பக்கத்திலேயே இருந்தது.

இங்கே, வசூலான பணமாவது மாற்று வழிக்குப் போயிருக்கலாம். 2017-18 வரை திரண்டது சுமார் 86,400 கோடி ரூபாய். தூய எரிசக்தி நிதிக்குப் போனது 29,600 கோடி. திட்டங்களுக்குச் செலவானது 15,900 கோடிதான். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அதே 400 ரூபாய் மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டப் போனது. பிறகு கொரோனாக் காலத்தில் அதற்காக வாங்கிய கடனை அடைத்தது. சூரியத் தகட்டுக்கும் அதற்கும் இருந்த உறவு அத்தோடு சரி.

2025 செப்டம்பர் 22-ல் செஸ் ரத்தானது. கரிக்கான ஜிஎஸ்டி 5-லிருந்து 18 சதவீதமாகி, வரி எடையை விட்டு விலைக்கு மாறியது. சாம்பல் மிகுந்த கரிதான் மலிவு என்பதால் அதற்கு வரியும் இப்போது குறைவு. மின் துறைக்குச் சராசரியாக டன்னுக்கு 260 ரூபாய் மிச்சம் என்று மத்திய அரசே கணக்குச் சொன்னது.