கோழி ஷெட்டுக்கு தினமும் கணக்கு இருக்கு... மனசுக்கு? ஜர்னலிங் கேள்விகள் எப்படி உதவும்?

நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் முட்டைக்கோழிப் பண்ணைக்குப் போனால் ஒரு நோட்டைப் பார்க்கலாம். இன்று எத்தனை முட்டை, எத்தனை உடைசல், தீவனம் எவ்வளவு போனது, எத்தனை கோழி செத்தது என்று கட்டம் போட்டு தினமும் எழுதி வைப்பார்கள். திடீரென்று ஒருநாள் முட்டை குறைந்தால், பண்ணைக்காரர் அந்த நோட்டைத்தான் முதலில் புரட்டுவார். தண்ணீர் சரியாகப் போச்சா, வெயில் ஏறிடுச்சா, தீவனம் மாத்தினது என்னைக்கு என்று தேடுவார். "இந்த ஷெட்டே உருப்படாது" என்று எழுதி வைத்துவிட்டுப் போக மாட்டார்.

ஆனால் நம்மைப் பற்றி நாம் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுகிறோம்? "நான் உருப்பட மாட்டேன்", "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அந்த நோட்டில் கட்டம் கிடையாது, அதாவது கேள்வி கிடையாது. ஜர்னலிங் என்று இன்று சமூக வலைதளங்களில் பரவலாகப் பேசப்படும் பழக்கத்தில், கேள்வியை முன்வைத்து எழுதும் முறை கவனம் பெறுவதற்குக் காரணம் இதுதான். இதை ப்ராம்ப்ட் என்கிறார்கள். தமிழில் தூண்டுகேள்வி என்று வைத்துக்கொள்ளலாம்.

டைரிக்கும் ஜர்னலிங்குக்கும் என்ன வித்தியாசம்?

டைரி என்பது நடந்ததைப் பதிவு செய்வது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு இதற்குப் பெரிய உதாரணம். கப்பல் வந்தது, கவர்னர் சொன்னது, ஊரில் பேசிக்கொண்டது எல்லாம் அதில் இருக்கிறது. ஜர்னலிங்கில் நடந்த சம்பவத்தோடு, அது நமக்குள் என்ன செய்தது என்பதையும் எழுதுகிறோம். இரண்டுக்கும் நடுவே பெரிய மதில் எதுவும் இல்லை. ஒன்று மற்றொன்றுக்குள் சாதாரணமாக நுழைந்துவிடும்.

சேலத்துக்காரர்களுக்குத் தெரிந்த ஒருவரையே எடுத்துக்கொள்வோம். சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. பிறகு 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவரும் அவர்தான். ஒத்துழையாமை இயக்கத்தில் கைதாகி 1921 டிசம்பரில் இருந்து மூன்று மாதம் வேலூர் சிறையில் இருந்தபோது தினமும் குறிப்பு எழுதினார். அது பின்னர் புத்தகமாகவும் வந்தது. 1922 ஜனவரியில் எழுதிய ஒரு பதிவு இன்றும் அடிக்கடி எடுத்துப் பேசப்படுகிறது. சுதந்திரம் கிடைத்த உடனே மக்களுக்கு மகிழ்ச்சி வந்துவிடாது, தேர்தலும் ஊழலும் பண பலமும் திறமையற்ற நிர்வாகமும் வாழ்க்கையை நரகமாக்கும், கல்வி பரவினால்தான் நம்பிக்கை உண்டு என்பது அதன் சாரம்.

எதற்காகச் சிறைக்குப் போனாரோ, அது கிடைத்தால் என்ன ஆகும் என்று சிறைக்குள்ளேயே உட்கார்ந்து யோசித்திருக்கிறார். சுதந்திரத்துக்கு 25 வருடம் முன்பே. அவர் எந்த ப்ராம்ப்ட் பட்டியலையும் பார்த்து எழுதவில்லை. ஆனால் அந்தப் பதிவுக்கு அடியில் ஒரு கேள்வி ஓடுகிறது: 'நான் ஆசைப்படுறது கிடைச்சிட்டா, அதுக்கப்புறம்?' நீட், ஐஐடி, அரசு வேலை, சொந்த லாரி என்று எதற்காகவாவது ஓடிக்கொண்டிருப்பவர் ஒருமுறை இதே கேள்வியைத் தன் நோட்டில் எழுதிப் பார்க்கலாம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

எழுதினால் உடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆகிறது என்பதை முதலில் சோதித்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். 1986-ல் வெளியான அவரது ஆய்வில் கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். ஒரு பிரிவினர் சாதாரண விஷயங்களை எழுத, மற்றவர்கள் தங்களை மிகவும் பாதித்த சம்பவத்தை எழுதினார்கள். சம்பவத்தையும் அப்போது பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்த கையோடு கொஞ்சம் சோர்ந்துதான் போனார்கள். ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்திருந்தது.

இதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்தன. 2006-ல் 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் இருப்பது தெரிந்தது, ஆனால் சராசரியாக அது சின்னப் பலன்தான். 'ஜர்னலிங் வாழ்க்கையையே மாற்றும்' என்று ரீல்ஸில் சொல்பவர்களை நம்பி விலையுயர்ந்த நோட்டு வாங்க வேண்டாம். நாற்பது பக்க நோட்டு போதும்.

நம்ம ஊருக்கு நெருக்கமான ஆய்வு 2011-ல் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரார்டோ ரமிரெஸ், சியான் பெய்லாக் இருவரும், தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம் அந்தத் தேர்வைப் பற்றிய பயத்தை எழுதச் சொன்னார்கள். தேர்வு பயம் அதிகமுள்ள மாணவர்கள் இப்படி எழுதிய பிறகு நன்றாக எழுதினார்கள். 'ஃபெயில் ஆயிட்டா அப்பா முகத்துல எப்படி முழிக்கிறது' என்ற ஓட்டம் மூளையில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அதைத் தாளில் இறக்கி வைத்தால் கணக்குப் போட இடம் கிடைக்கிறது என்பது அவர்களின் விளக்கம். பின்னர் கல்லூரி மாணவர்களிடம் இதைச் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் இதே பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹாஸ்டல் மாணவர்கள் என்ன எழுதலாம்?

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்றாலே தமிழ்நாடு முழுக்க பெற்றோருக்கு நினைவுக்கு வருவது உண்டு உறைவிடப் பள்ளிகள். பிளஸ் டூ மாநில ரேங்க் அறிவிக்கும் முறையை 2017-ல் அரசு நிறுத்திவிட்டது. ஆனால் ரேங்க் பேப்பரில் வருவது நின்றதே தவிர, தலைக்குள் ஓடுவது நிற்கவில்லை. அதிகாலை ஸ்டடி, காலை டெஸ்ட், மாலை டெஸ்ட், ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் போன். பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தன்னோடு பேச நேரம் எப்போது?

அப்படி ஒரு பிள்ளையிடம் வெறும் நோட்டைக் கொடுத்து "மனசுல இருக்கிறத எழுது" என்றால், மார்க்தான் எழுதும். அல்லது தன்னையே திட்டி எழுதும். கேள்வி எப்படி இருக்கிறது என்பது இங்கேதான் முக்கியமாகிறது. 'நான் ஏன் இப்படி இருக்கேன்?' என்ற கேள்விக்கு முடிவே கிடையாது. ஒவ்வொரு பதிலும் இன்னொரு குறையைத்தான் கொண்டு வரும். அதற்குப் பதிலாக, 'இன்னைக்கு டெஸ்ட் பேப்பரை கையில வாங்கினப்போ முதல்ல என்ன தோணுச்சு?' என்று கேட்டால் பதில் பிடிபடும். அது ஒரு நாள், ஒரு நிமிடம், ஒரு தாள். பண்ணை நோட்டில் இருக்கும் கட்டம் போல.

இன்னும் சில:

- இந்த வாரம் யாரிடம் "நல்லா இருக்கேன்" என்று பொய் சொன்னேன்? உண்மையில் என்ன சொல்ல நினைச்சேன்?
- எந்தப் பாடம் புரியலைங்கிறதை யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருக்கேன்?
- இன்னைக்கு கொஞ்ச நேரமாவது மார்க் ஞாபகமே இல்லாம இருந்தேனா? அப்ப என்ன பண்ணிட்டு இருந்தேன்?

மூன்றாவது கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் பதில் எழுத முடியாமல் ஒரு மாதம் அந்த இடம் காலியாகவே இருந்தால், அது பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்ல வேண்டிய விஷயம்.

"என்ன கண்ணு, மூஞ்சி வாடியிருக்கு?"

ஈதன் கிராஸ், ஓஸ்லெம் ஐடுக் ஆகிய உளவியலாளர்களின் ஆய்வுகள் இன்னொரு வழியைக் காட்டுகின்றன. நடந்ததை 'நான், எனக்கு' என்று எழுதாமல், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பது போல, தன் பெயரைச் சொல்லியே எழுதும்போது கொதிப்பு அடங்குகிறது.

இதற்கு நம்ம பக்கம் ஒரு சுலபமான வழி இருக்கிறது. லீவுக்கு ஊருக்குப் போனால் அம்மாயி திண்ணையில் உட்கார வைத்து "என்ன கண்ணு, மூஞ்சி வாடியிருக்கு, என்னாச்சு?" என்று கேட்பார் அல்லவா, அந்தக் கேள்வியை நோட்டின் முதல் வரியாக எழுதுங்கள். அடுத்து அவருக்குப் பதில் சொல்வது போல எழுதுங்கள். அம்மாயியிடம் யாரும் "நான் ஒரு தோல்வியாளன்" என்று சொல்ல மாட்டார்கள். "கெமிஸ்ட்ரியில போயிருச்சு அம்மாயி" என்றுதான் சொல்வார்கள்.

மொழி விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் ப்ராம்ப்ட்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மொழிபெயர்ப்பில் 'உங்கள் உள் குழந்தை என்ன சொல்கிறது?' என்று வந்து நிற்கிறது. அதைப் பார்த்து எழுதுவது கஷ்டம். பேனாவைத் தமிழில் எடுத்தாலும் நமக்குப் பள்ளிக்கூடக் கட்டுரைதான் கைக்கு வருகிறது, முன்னுரை முடிவுரையோடு. வீட்டில் சண்டை போடும் தமிழில் எழுதுங்கள். எழுத்துப்பிழை, சந்திப்பிழை எதையும் திருத்த வேண்டாம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு?

லாரி ஓட்டுநர்கள் வைத்திருக்கும் டிரிப் நோட்டில் டீசல், சுங்கம், ஏத்துக்கூலி, படி எல்லாம் இருக்கும். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி சேர்க்கலாம்: 'இன்னைக்கு வீட்டுக்குப் போன் பண்ணப்போ சொல்லாம விட்டது என்ன?' எழுதப் பிடிக்காதவர்கள் தாபாவில் வண்டியை நிறுத்திவிட்டு, செல்போனில் தனக்குத்தானே பேசிப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்று வைப்பவருக்கும், பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் இரவு ஷிப்ட் விசைத்தறி ஓட்டுபவருக்கும் ஜர்னலிங் பற்றிச் சொன்னால், "கூலி ஏறுமா?" என்று கேட்பார்கள். ஏறாது. நூல் விலை, அட்வான்ஸ் கடன், வட்டி எதையும் ஒரு நோட்டு மாற்றாது. மனசைச் சரி பண்ணு என்று தொழிலாளியிடம் சொல்லிவிட்டு கூலியைப் பற்றிப் பேசாமல் போவது நியாயமும் இல்லை. 'இந்தக் கடன் பேச்சு வந்தப்போ நான் யார் மேல எரிஞ்சு விழுந்தேன்?' என்ற கேள்வியால் கடன் குறையாது, ஆனால் வீட்டில் அந்த அடி யார் மேல் விழுகிறது என்பது தெரியும்.

எவ்வளவு நேரம், எத்தனை நாள்?

தினமும் எழுத வேண்டிய அவசியம் இல்லை. பென்னிபேக்கரின் ஆய்விலேயே நான்கு நாள்தான். வாரத்துக்கு மூன்று நாள், பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாளுக்கு ஒரு கேள்வி போதும். ஜனவரி 1-ம் தேதி ஆரம்பித்து பொங்கலோடு நிற்கும் டைரிகளுக்குக் காரணம் பெரும்பாலும் 'தினமும்' என்ற சபதம்தான்.

பலரும் விட்டுவிடுவது, திரும்பிப் படிப்பதை. சித்திரை வெயிலில் கோழி தீவனம் எடுப்பது குறைகிறது என்பது ஒருநாள் கணக்கில் தெரியாது, மாதக் கணக்கில் தெரியும். மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டி, திரும்பத் திரும்ப வரும் ஆள், கிழமை, இடம் எது என்று மட்டும் பாருங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

எல்லோருக்கும் எழுத்து மருந்தாகாது. சமீபத்தில் மணவாழ்க்கை முறிந்தவர்களிடம் செய்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், நடந்ததையே மனதில் அரைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு உணர்ச்சிகளைக் கொட்டி எழுதுவது உதவவில்லை. சாதாரண அன்றாட விஷயங்களை எழுதியவர்களைவிட அவர்கள் மோசமான நிலையில் இருந்தார்கள். ஒரே வாக்கியம் நான்கைந்து நாளாக நோட்டில் திரும்ப வந்தால், கேள்வியை மாற்றுங்கள். அல்லது நோட்டை மூடிவிட்டு ஒரு ஆளிடம் பேசுங்கள். மரணம், விபத்து, வன்முறை நடந்த சூட்டோடு யாரையும் எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது.

நோட்டை யாராவது படித்துவிட்டால்?

இதுதான் நம் வீடுகளில் உண்மையான பிரச்சினை. தனி அறை கிடையாது, ஹாஸ்டலில் பெட்டிக்குப் பூட்டு இருந்தாலும் சோதனை உண்டு. பிளஸ் ஒன் படிக்கும்போது நான் எழுதிய டைரியை வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் எடுத்து, எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார். சிரித்தார்கள். அதற்குப் பிறகு பல வருடம் நான் எழுதியதெல்லாம் யாராவது படித்தாலும் பரவாயில்லை என்ற வகை எழுத்துதான்.

எழுதியதை வைத்திருக்கத்தான் வேண்டும் என்று இல்லை. தனித் தாளில் எழுதிக் கிழித்துப் போடலாம். மாதக் கடைசியில் பார்ப்பதற்கு, தேதியும் இரண்டு வார்த்தையும் மட்டும் வேறொரு நோட்டில் குறித்தால் போதும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் நோட்டு கண்ணில் பட்டால் திறக்காதீர்கள். பிள்ளை உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் இருந்தால், நோட்டைத் தேடாமல் பிள்ளையிடமே நேராகக் கேளுங்கள், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அதை எழுதிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை எண் 14416, சுகாதார உதவி எண் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.