ஜவ்வாது: ஒரு மலைத்தொடருக்குப் பெயர் வந்த வழி

அரசுப் பலகைகளில் ஜவ்வாதுமலை. வடவெழுத்தை விலக்குவோர் கையில் சவ்வாதுமலை. ஆங்கிலேயர் காலத்துப் பதிவேடுகளிலும் இன்றைய வானியல் கட்டுரைகளிலும் ஜவாதி. மூன்றும் ஒரே மலைத்தொடரைத்தான் குறிக்கின்றன. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய 3 மாவட்டங்களுக்கு நடுவே, ஒருபுறம் ஏறக்குறைய 80 கிலோமீட்டரும் மறுபுறம் 32 கிலோமீட்டருமாகக் கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. சேயாறும் அகரம் ஆறும் அதை நடுவே அறுத்துக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கின்றன. உச்சிகள் 1,100 மீட்டரை ஒட்டி நிற்கின்றன.

பெயர்க்காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். சந்தனமரம் மண்டிய மலை, காற்றே ஜவ்வாது மணக்கும், அதனால் அந்தப் பெயர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நின்றுகொண்டிருக்கும் சந்தனமரம் மணப்பதில்லை. அதன் இலையிலும் மேல்பட்டையிலும் வாசனை கிடையாது. மணமெல்லாம் வயிரத்தில் இருக்கிறது. மரம் முதிர்ந்து, வெட்டி, வெளிறு செதுக்கி எடுத்த பிறகுதான் அது வெளிப்படும். காட்டில் நடப்பவனைவிடக் கிடங்கில் நிற்பவனுக்குத்தான் சந்தனம் மணக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்லைப் பார்க்க வேண்டும்.

ஜவ்வாது தமிழ்ச்சொல் அன்று. புனுகுப் பூனையின் சுரப்பியிலிருந்து எடுக்கும் மணப்பொருளை அரபியர் ஸபாத் என்றனர். அந்தச் சொல் வணிகரோடு திசையெங்கும் போயிற்று. மேற்கே இத்தாலியில் சிபெத்தோ ஆயிற்று, ஆங்கிலத்தில் சிவெட் ஆயிற்று. கிழக்கே மலாய் மொழியில் ஜெபாத் ஆயிற்று. மலாக்காவின் புகழ்பெற்ற வீரன் ஹாங் ஜெபாத்தின் பெயரில் இருப்பதும் அந்தப் புனுகுதான். தெலுங்கில் ஜவாதி. தமிழில் சவாது, சவ்வாது, ஜவ்வாது. அருணகிரிநாதர் திருப்புகழில் புழுகோடும் பனிநீரோடும் சேர்த்துச் சவாது என்ற வடிவத்தை ஆள்கிறார். 15-ஆம் நூற்றாண்டில், இம்மலைக்குத் தென்கிழக்கே கூப்பிடு தொலைவில் இருக்கும் திருவண்ணாமலையில் வாழ்ந்தவர் அவர். அன்றைக்கே அந்தச் சொல் பாட்டில் புழங்கும் அளவுக்குத் தமிழில் ஊறிவிட்டது. இடையில் வகரம் இரட்டித்தது பின்னால் வந்த பேச்சு வழக்கு.

இதே ஒலியில் இன்னொரு சொல்லும் உண்டு. ஜவாத் என்பது கொடையாளி என்று பொருள்படும் அரபு ஆட்பெயர். சேதுபதி அவையில் இருந்த இஸ்லாமியத் தமிழ்ப்புலவர் சவ்வாதுப் புலவரின் பெயரைப் பார்க்கும்போது அதில் இருப்பது மணப்பொருளா ஆட்பெயரா என்று கேட்கத் தோன்றும். மலைக்கு ஆட்பெயர் பொருந்தாது. ஜவாத் என்ற ஓர் ஆளை இந்த மலையோடு சேர்த்துச் சொல்லும் கதைகூடக் கிடையாது. மணப்பொருள் என்பதையே நான் கொள்கிறேன்.

ஆனால் மணம் காற்றில் வந்ததாக நினைக்கவில்லை, சந்தையில் வந்தது. சந்தன வயிரமும் புனுகும் மூட்டையாகவும் கொம்புச்சிமிழாகவும் இறங்கி வரும் மலையை, கீழே நின்று வாங்கியவன் எப்படி அழைப்பான்? தன் கைக்கு வந்த பொருளின் பெயரால்தான் அழைப்பான். அரசின் சந்தனக் கிடங்கு மலையடிவாரத்துத் திருப்பத்தூரில் அமைந்ததும் இந்தப் பழைய இறக்கத்தின் தொடர்ச்சிதான். ஆகவே ஜவ்வாது என்பது கீழ்நாட்டான் வைத்த பெயர். ஸபாத் தமிழுக்கு வருவதற்கு முன்னால் இந்த மலைக்கு அந்தப் பெயர் இருந்திருக்கவும் முடியாது.

அப்படியானால் அதற்கு முன்? பத்துப்பாட்டில் பதில் இருக்கிறது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகள் கொண்டது. பாட்டுடைத் தலைவன் நன்னன்சேய் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். ஆறு சேயாறு, பெயர் இன்றுவரை மாறவில்லை. மலை நவிரம். நவிரம் என்பதற்கு மயில், தலையுச்சி, மலை என்றெல்லாம் அகராதிகள் பொருள் தருகின்றன. ஜவ்வாதுமலைக்குக் கிழக்கே தனியே எழுந்து நிற்கும் பருவதமலையே அந்த நவிரம் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

மலைப்பயணம் பற்றித் தமிழில் இதற்கு இணையான வழிகாட்டி வேறில்லை என்பேன். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் கூத்தனுக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த கற்பொறிகள் இருக்கும் இடத்தை விடிந்த பிறகு கடக்கச் சொல்கிறான். தினைக்காவலர் யானைமேல் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், பாசி படர்ந்த பாறையில் எதைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறான். எனக்கு மிகவும் பிடித்தது கவர்வழி பற்றிய பேச்சு. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் மண்ணைத் துடைத்துச் சீர்செய்து, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள், பின்னால் வருபவர்கள் புதியவர்களாக இருப்பார்கள் என்கிறான். செல்லும் ஊர்களின் பெயரை வழிப்போக்கர் அறியும்படி எழுதிவைத்த இடத்தையும் மராமரம் ஒன்றோடு சேர்த்துக் காட்டுகிறான். அன்றே இந்த நிலத்தில் பெயரை எழுதி நிறுத்தியிருக்கிறார்கள்!

அவன் வணங்கிச் செல்லச் சொல்லும் நடுகற்களின் மரபும் இங்கே அறுபடவில்லை. பல்லவர் காலம் தொட்டு வட்டெழுத்தில் பொறித்த செங்கம் நடுகற்களை இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருந்து தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று மகேந்திரவர்மன் காலத்தது. ஆநிரைக்காக நடந்த தொறுப் பூசலில் இறந்த வீரன் கருந்தேவக்கத்தி. அவன் பக்கத்தில் நின்று கள்வர் இருவரைக் கடித்த நாயின் பெயர் கோவிவன். நாய்க்கும் பெயர் எழுதி வைத்த ஊர் இது.

நவிரம் என்ன ஆயிற்று? பர்வதம் என்றாலும் மலை என்றுதான் பொருள். பருவதமலை என்பது மலைமலை. சிறப்புப்பெயர் போய்ப் பொதுப்பெயர் இரண்டு ஒட்டிக்கொண்டன. இது ஓர் இழப்பு என்றே கருதுகிறேன்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. நவிரம் ஒரு சிகரத்தின் பெயர், தொடர் முழுவதற்கும் உரியது அன்று. கிழக்கு விளிம்பில் சம்புவராயர் தலைநகராக இருந்த படைவீட்டின் மலைக்கோட்டைக்கு ராசகம்பீரம் என்று பெயர்; 14-ஆம் நூற்றாண்டில் விசயநகரத்துக் குமாரகம்பணன் படையெடுத்து வந்ததைப் பாடும் கங்காதேவியின் மதுராவிசயம் அந்தப் பெயரைச் சொல்கிறது. அதுவும் ஒரு குன்றின் பெயர்தான். தெற்கில் திருவண்ணாமலைப் பக்கத்து மலைகளைத் தென்மலை என்றார்கள். தென்மலை இன்றும் அங்கே ஓர் ஊராட்சியின் பெயர். தொடர் முழுமைக்கும் ஒரே பெயர் வேண்டும் என்ற தேவை யாருக்கு வரும்? அதன்மேல் வாழ்பவனுக்கு வராது. அதை எல்லையாகப் பார்ப்பவனுக்கே வரும்.

இந்த மலை நெடுங்காலம் எல்லையாகவே இருந்தது. மேற்கே மைசூரின் பாராமகால், கிழக்கே ஆர்க்காட்டு நவாபின் கருநாடகம். இந்தத் தொடருக்கும் கல்வராயன் மலைக்கும் இடையிலுள்ள செங்கம் கணவாய்தான் படைகள் இறங்கும் வாயில். 1767 செப்டம்பர் 3-ஆம் நாள் ஹைதர் அலியும் நிஜாமும் சேர்ந்து ஆங்கிலேயக் கும்பினியின் கர்னல் ஸ்மித்தின் படையோடு மோதியது அங்கேதான். 1792-இல் பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தது. 1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவையர் லாம்டன், ஆர்க்காட்டுச் சீமை வழியே முக்கோணங்களை மேற்கே நீட்டிக்கொண்டு போய் 1804-இல் பெங்களூர் அருகே அடுத்த அடிக்கோட்டை அளந்தார். அளப்பவருக்கும் வரிபோடுபவருக்கும் படைநடத்துபவருக்கும் வரைபடத்தின் குறுக்கே எழுத ஒரு நீண்ட பெயர் தேவைப்பட்டது. அடிவாரச் சந்தையில் கிடைத்த பெயர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது. 1881-இல் ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டின் காலத்துக்குள் ஜவாதி நிலைத்துவிட்டது. இகர ஈறு ஏன் என்பதற்கும் எனக்கு ஒரு கருத்து உண்டு. 1911 வரை வட ஆர்க்காட்டின் தலைநகரம் சித்தூர். தெலுங்கு பேசும் எழுத்தர்கள் ஜவாதி என்றுதான் எழுதியிருப்பார்கள்.

எல்லைமலைகளுக்கு இப்படிப் பெயர் அமைவது நமக்கு மட்டும் உரியதன்று. நார்வேக்கும் சுவீடனுக்கும் இடையில் ஓடும் மலைத்தொடரை ஷோலன் என்பார்கள். மரக்கலம் கட்டுவோர் ஏரா என்னும் அடிக்கட்டைக்கான சொல் அது. கவிழ்த்துப் போட்ட தோணியின் முதுகாக மலையைப் பார்த்த கண் அது. 1742 முதல் 1745 வரை பீட்டர் ஷ்னிட்லர் என்ற அதிகாரி மலைமேல் கலைமான் மேய்க்கும் சாமி மக்களிடம் சிகரம், கணவாய், மேய்ச்சல் தடம் எல்லாவற்றையும் கேட்டு வாக்குமூலமாக எழுதினார். அதன் பின் 1751-இல் ஸ்ட்ரோம்ஸ்டாட் உடன்படிக்கை எல்லையை வகுத்தது. சாமிகள் தம் மந்தையோடு எல்லை தாண்டலாம் என்ற உரிமையும் அதன் இணைப்பில் சேர்ந்தது. அவ்வளவு கேட்டும் பெயர்கள் இடம் மாறின. சுவீடனின் மிக உயர்ந்த சிகரமான கெப்னெகைசே என்ற சாமிப் பெயருக்குக் கொப்பரை முகடு என்று பொருள். கொப்பரை வடிவம் உள்ளதோ பக்கத்து மலையான தொல்பகோர்னி. வரைபடக்காரர்கள் ஒன்றன் பெயரை மற்றொன்றின்மேல் எழுதிவிட்டார்கள் என்றே கருதப்படுகிறது.

நம் மலைக்காரர்கள் தம் இடத்தை எப்படி அழைக்கிறார்கள்? நாடு என்று. திருப்பத்தூர்ப் பக்கம் ஏறினால் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு. மலை முழுதும் ஒரு பெயருக்குள் அடங்கவில்லை. நாடு நாடாக அடங்கியிருக்கிறது. ஊர்ப்பெயர்களில் மரம் நிற்கும்: பலாமரத்தூர், ஜமுனாமரத்தூர். பின்னதில் இருப்பது நதிப்பெயர் அன்று, மரப்பெயர்தான் என்பது என் துணிபு. ‘மரத்தூர்’ என்ற ஈறே அதைச் சொல்கிறது. ஜம்பு, ஜாமுன் என்று வடக்கில் வழங்கும் நாவலாக இருக்க வாய்ப்பு மிகுதி.

அவர்கள் தங்களை மலையாளி என்கிறார்கள். கேரளத்தாரோடு தொடர்பில்லை, மலையை ஆள்பவர் என்றே பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களிடம் ஒரு கதை உண்டு, தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றித் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளிலும் அது இருக்கிறது. கங்குந்தி வேடர் காஞ்சி வேளாளரிடம் பெண் கேட்டு இழிவுபட்டு, 7 பெண்களைத் தூக்கிச் சென்றனர். 7 வேளாளர் 7 நாய்களோடு புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் இறந்ததாகக் கொள்ளுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் கரையேறிவிட்டார்கள், நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி வீட்டுக்கு ஓடிவிட்டன. வேடரைக் கொன்று ஊர் வந்தபோது மனைவியர் தாலி அறுத்துக் கருமாதியும் முடிந்திருந்தது. இறந்தவராகிவிட்டவருக்கு ஊரில் இடமில்லை. வேடர் பெண்களை மணந்து மலையேறிச் சாமை விதைத்தார்கள். கதை வரலாறா என்பது வேறு. கீழ்நாட்டில் பெயர் அழிந்தவர்கள் மலையில் புதுப்பெயர் பெற்றார்கள் என்று அது தெளிவாகச் சொல்கிறது.

1911-க்கு முன் சேலம், தென்னார்க்காடு, வட ஆர்க்காடு என 3 மாவட்டங்கள் இந்த மலையைப் பங்கு போட்டிருந்தன. அவ்வாண்டு திருப்பத்தூரும் திருவண்ணாமலையும் வட ஆர்க்காட்டோடு சேர்ந்தன. 1989-இலும் 2019-இலும் மாவட்டங்கள் பிரிந்து, மலை மறுபடியும் 3 மாவட்ட எல்லையாகிவிட்டது. 1968 முதல் இம்மலைமேல் உள்ள காவலூரில் வானாய்வுக்கூடம் இருக்கிறது. 1988-இல் அங்கிருந்து ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். இந்த மலையிலிருந்து வானத்துக்கே ஒரு தமிழரின் பெயர் ஏறிவிட்டது. மலையின் ஓடைக்கும் பாறைக்கும் சரிவுக்கும் உள்ள பெயர்களோ இன்னும் வாய்மொழியிலேயே நிற்கின்றன.

ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் பணியாற்றும் ஆசிரியர்களே, வனத்துறை நண்பர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். சாமை அறுக்கும் பெரியவர்களிடமும் தேனெடுப்பவர்களிடமும் ஒவ்வோர் ஓடையின் பெயரையும் கேட்டு, அவர்கள் சொல்லும் ஒலி மாறாமல், எந்த இடம் என்பதோடு எழுதி வையுங்கள். மாணவர்களைக் கொண்டு தொடங்கினாலே ஓராண்டில் ஓர் ஊராட்சி முடிந்துவிடும்.