செய்திவழிக் குறுக்கீடு

கணினியோடு இணைந்த ஒரு சாதனம், தனக்கென ஒதுக்கிய மின்கம்பி வழியாகச் செயலியை அழைக்காமல், குறிப்பிட்ட நினைவக முகவரியில் குறிப்பிட்ட எண்ணை எழுதி அழைக்கும் முறை செய்திவழிக் குறுக்கீடு எனப்படும். துறையில் எம்.எஸ்.ஐ என்பார்கள். சாதனங்களைக் கணினியோடு இணைக்கும் பிசிஐயின், 1998-ல் வெளியான 2.2 வரையறையில் இது விருப்ப வசதியாக வந்தது. இதன் விரிந்த வடிவம் எம்.எஸ்.ஐ-எக்ஸ். நெட்வொர்க் கார்டும் என்விஎம்இ வட்டும் இன்று பெரும்பாலும் இந்த வழியில்தான் கெர்னலோடு பேசுகின்றன. இங்கே முதன்மையாக எடுத்துக்கொள்வது எக்ஸ்86 கணினியில் ஓடும் லினக்ஸ் கெர்னல்.

கம்பிக் காலம்

பழைய பிசிஐயில் குறுக்கீட்டுக்கு இருந்தவை நான்கே கம்பிகள். சாதனங்கள் அதிகமானபோது பலவும் ஒரே கம்பியில் தொங்கின. ஒண்டுக்குடித்தன வீட்டு வாசலில் ஒரே அழைப்புமணி இருப்பதைப் போன்ற நிலை: மணி அடித்தால் எல்லா வீட்டாரும் எழுந்து வந்து பார்க்க வேண்டும். கெர்னலும் அந்தக் கம்பியைப் பகிரும் ஒவ்வொரு இயக்கியையும் (சாதனத்தை இயக்கும் நிரலை) வரிசையாக எழுப்பி, ‘உன் சாதனமா?’ என்று கேட்டது. யாருமே பொறுப்பேற்காத குறுக்கீடு விடாமல் வந்தால் செயலி அதிலேயே மூழ்கிவிடும். அதனால் லினக்ஸ் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. 1,00,000 அழைப்புகளில் 99,900-க்கு மேல் கேட்பாரற்றுப் போனால், ‘யாரும் கவனிக்கவில்லை’ என்ற பொருளில் பதிவேட்டில் எழுதிவிட்டு அந்தக் கம்பியையே அடைத்துவிடும். அப்போது அதே கம்பியில் ஒழுங்காக வேலைசெய்துகொண்டிருந்த சாதனமும் ஊமையாகிவிடும்.

இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. சாதனம் தரவை நினைவகத்துக்கு அனுப்பிவிட்டுக் கம்பி வழியாக அழைக்கிறது. தரவு செல்லும் பாதை வேறு, கம்பி வேறு. தரவு வந்து சேருமுன்பே மணி அடித்துவிடலாம். அதனால் இயக்கி முதலில் சாதனத்தின் பதிவகம் ஒன்றைப் படித்து, வழியில் தேங்கிய தரவு முழுவதும் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செயலியின் கணக்கில் அப்படி ஒரு வாசிப்பு மிக நீண்ட காத்திருப்பு.

எழுதுகையாக மாறியபின்

அழைப்பே ஒரு நினைவக எழுதுகையாகிவிட்டால் இந்த இரண்டு தொல்லைகளும் தீர்கின்றன. சாதனத்துக்குத் தனி எண் கிடைப்பதால் கம்பியைப் பகிர வேண்டியதில்லை. இரண்டாவது தொல்லை தீர்வது வரிசையால். ஒரு சாதனத்திலிருந்து கிளம்பும் எழுதுகைகளில் பின்னது முன்னதை முந்தக்கூடாது என்பது பிசிஐயின் பொதுவிதி. தரவுக்குப் பின்னால் அதே பாதையில் அழைப்பு வருவதால், அழைப்பு வந்தது என்றாலே தரவும் வந்துவிட்டது என்று இயக்கி நம்பலாம். இந்த முறையின் மிகப் பெரிய நன்மை இதுவே என்பேன். வேகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

எக்ஸ்86-இல் 4 ஜிபி எல்லைக்கு 18 எம்பி கீழே தொடங்கும் 1 எம்பி முகவரிப் பரப்பு இதற்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே எழுதப்படுவது நினைவகத்துக்குப் போகாது; செயலிகளின் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்திக்குப் போகும். எந்தச் செயலிக்கு என்பதை முகவரி சொல்லும். எழுதப்படும் எண்ணின் கடைசி 8 பிட்டுகள் வெக்டர் எண்ணை, அதாவது அந்தச் செயலியில் எந்தக் குறுக்கீடு என்பதை, சொல்லும்.

எம்.எஸ்.ஐயில் ஒரு சாதனத்துக்கு 32 அழைப்புகள் வரை கிடைக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி, அடுத்தடுத்த எண்கள். எம்.எஸ்.ஐ-எக்ஸில் 2,048 வரை போகலாம். ஒவ்வோர் அழைப்புக்கும் 16 பைட் கொண்ட தனிப் பதிவு உண்டு. அதில் தனி முகவரி, தனி எண், அந்த அழைப்பை மட்டும் தற்காலிகமாகத் தடுத்துவைக்கும் மறைக்கும் பிட். என்விஎம்இ வட்டு ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி வரிசை வைத்து, வேலை முடிந்ததும் கேட்ட செயலியையே அழைக்க முடிவது இந்த வசதியால்தான்.

கெர்னலின் பங்கு

எத்தனை அழைப்புகள் வேண்டும் என்று இயக்கி குறைந்தபட்சமும் அதிகபட்சமும் சொல்லிக் கேட்கிறது. 2016-ல் வந்த லினக்ஸ் 4.8 முதல் இதற்கு ஒரே செயற்கூறு போதும். அது முதலில் எம்.எஸ்.ஐ-எக்ஸை முயலும், பிறகு எம்.எஸ்.ஐயை, இரண்டும் அமையாவிட்டால் பழைய கம்பிக்குத் திரும்பும். ஒரு செயலிக்கு உள்ள 256 வெக்டர்களில் 32 பிழைநிலைகளுக்கு உரியவை. கெர்னலின் சொந்தத் தேவைக்கும் சில போய்விடும். மிச்சம் சுமார் 200. கேட்டதையெல்லாம் உடனே ஒதுக்கினால் பெரிய சர்வர்களில் வெக்டர் தீர்ந்துவிடும். 2018-ல் வந்த 4.15 பதிப்பில் தாமஸ் கிளைக்ஸ்னர் இந்த ஒதுக்கீட்டை மாற்றி எழுதினார். இயக்கி உண்மையில் குறுக்கீட்டைப் பயன்படுத்தத் தொடங்கும்வரை சாதாரணக் குறுக்கீடுகளுக்கு முன்பதிவு மட்டும்தான், வெக்டரில் இடம் கிடையாது.

இயக்கி எழுதுபவர் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. ஒரு சாதனத்துக்கு ஒரே குறுக்கீடு என்றால், அதைக் கையாளும் நிரல் ஓடும்போது அதே குறுக்கீடு மறுபடி உள்ளே நுழையாது என்று லினக்ஸ் உறுதி தருகிறது. பல குறுக்கீடுகள் இருந்து, அவை ஒரே பூட்டைப் பகிர்ந்தால் அந்த உறுதி போதாது. முதலாவது பூட்டைப் பிடித்திருக்கும்போது அதே செயலியில் இரண்டாவது வந்து அதே பூட்டுக்குக் காத்திருந்தால், இரண்டுமே நகராது. பூட்டைப் பிடிக்கும்போது குறுக்கீடுகளை அணைத்துவைப்பதே வழி.

இடம் மாற்றும்போது

ஒரு குறுக்கீட்டை ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எளிய வேலையாகத் தெரியும். எம்.எஸ்.ஐயில் முகவரியும் எண்ணும் தனித்தனிப் பதிவகங்களில் உள்ளன. இரண்டையும் ஒரே கணத்தில் மாற்ற முடியாது. மறைக்கும் பிட் இல்லாத சாதனம் சரியாக அந்த இடைவெளியில் அழைத்தால், பழைய எண்ணோடு புதிய செயலிக்குப் போய்ச் சேரும். அங்கே அந்த எண்ணுக்கு ஆளில்லை. அழைப்பு தொலைந்தது. தன் அழைப்புக்குப் பதிலுக்காகக் காத்திருக்கும் சாதனம் மறுபடி அழைக்காமல் அப்படியே நின்றுவிடலாம். அபூர்வமாக மட்டுமே நடப்பதால் கண்டுபிடிக்கவும் கடினம்.

2020-ல் கிளைக்ஸ்னர் எழுதிய திருத்தம் இதை இரண்டு படிகளில் தீர்த்தது. முதலில் பழைய செயலியிலேயே எண்ணை மட்டும் புதியதாக்குவது, பிறகு முகவரியை மாற்றுவது. இந்த வேலை பழைய செயலியின் மேல்தான் ஓடும். முடிந்ததும், புதிய எண்ணில் ஏதேனும் அழைப்பு தன் கட்டுப்படுத்தியில் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் சரியான இடத்துக்கு மறுபடி எழுப்பிவிடும். சில சமயம் தேவையற்ற அழைப்பு ஒன்று கூடுதலாக எழலாம். இயக்கி அதைத் தாங்கிக்கொள்ளும். தொலைந்த அழைப்பைத்தான் தாங்க முடியாது.

பாதுகாப்பு

நினைவகத்தில் எழுதத் தெரிந்த எந்தச் சாதனமும் அழைப்பைப் போலியாகவும் உண்டாக்கலாம். 2011-ல் ரஃபால் வொய்ட்சுக்கும் ஜோவன்னா ருட்கோவ்ஸ்காவும் இதைச் செய்து காட்டினர். மெய்நிகர் கணினிக்கு நேரடியாகக் கொடுக்கப்பட்ட சாதனத்தைக் கொண்டே, அந்த மெய்நிகர் கணினியைத் தாங்கும் அடித்தள மென்பொருளைத் தாக்கினர். இதற்கு விடை குறுக்கீட்டு மறுவரைவு. இதில் சாதனம் செயலியின் பெயரைச் சொல்வதில்லை, ஓர் அட்டவணை எண்ணைத்தான் சொல்கிறது. வன்பொருள் அந்த வரியைப் பார்த்து, அனுப்பியவர் உரியவர்தானா என்று சரிபார்த்த பிறகே அழைப்பை விடும். அட்டவணையில் 65,536 வரிகள் வரை இருக்கலாம். எக்ஸ்86-இல் லினக்ஸ் ஒரு சாதனத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எம்.எஸ்.ஐ அழைப்புகளைக் கொடுப்பதற்கும் இந்த அட்டவணை வேண்டும்.

விண்டோஸ் செய்திவழிக் குறுக்கீட்டை விஸ்டா முதல் ஆதரிக்கிறது. ஆர்ம் கட்டமைப்பின் மூன்றாம் பதிப்புக் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி சரிபார்ப்பை அடிப்படையிலேயே சேர்த்துக்கொண்டது: சாதனத்தின் அடையாள எண்ணையும் நிகழ்வு எண்ணையும் இணைத்து அட்டவணையில் தேடும். இவ்வாறு வரும் குறுக்கீடுகளின் எண்கள் அங்கே 8192-இல் தொடங்குகின்றன.