நாடகச் சிறுவரும் அவர்தம் ஆசிரியரும்

நம் சங்கத்து அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நம் இல்லம் போந்து, பதின்மூன்று வயதுடைய தம் மகன் நடிப்பும் பாட்டும் பயில வேண்டுமென்று பிடிவாதம் செய்வதாகவும், அவனை அத்துறையில் விடுதல் தகுமோ என்றும் வினாவினார். தகும், தகாது என்று ஒரு சொல்லில் விடை பகர நம்மால் இயலவில்லை. தமிழ்நாட்டில் சிறுவர்க்கு நாடகம் பயிற்றிய வரலாற்றையே அவர்க்கு எடுத்துரைத்தோம். மக்களைப் பெற்ற ஏனையோர்க்கும் பயன்படுமென்று கருதி அதனை ஈண்டு வரைகின்றோம்.

இக்கல்வி நமக்குப் புதிதன்று. ஐந்தாம் ஆண்டில் ஆடல் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் மாதவி அரங்கேறினாள் என்று சிலப்பதிகாரம் கூறும். அவள் ஆடிய சிறப்பைச் சொல்லுமுன், ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோர் எத்தகுதியுடையராதல் வேண்டுமென்பதை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக விரித்துரைக்கின்றார். மாணவி ஒருத்திக்கு ஆசிரியர் எத்தனை பேர் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க.

அண்மைக் காலத்தில் இவ்வாசிரியர் பலரின் பணியை ஒருவராகவே நின்று ஆற்றியவர் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். பழநித் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்று, உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிக் கொண்டிருந்தவர், தம் இருபத்து நான்காம் வயதில் நாடகம் புகுந்தார். எமனாகவும் சனீசுவரனாகவும் வேடம் புனைந்து காண்போரை நடுங்கச் செய்தவர், பின்னர் வேடத்தை விடுத்து ஆசிரியரானார். வளர்ந்த நடிகர்கள் பாடத்திற்கு அடங்காமல் மேடையில் மனம் போனவாறு பேசியும் போட்டிக்குப் பாடியும் நாடகத்தைக் கெடுத்தமையால், சொன்ன சொல்லைச் சொன்னவாறு கொள்ளும் சிறுவரை அவர் நாடினர் என்பர். 1918-ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றிற்று. பெண் வேடத்தில் பெயர் பெற்ற கண்ணுசாமிப் பிள்ளையின் மைந்தர்களாகிய சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோர் அவ்வாண்டே அதிற் சேர்ந்தனர். சண்முகத்திற்கு அப்போது வயது ஆறு.

அக்காலத்துப் பாலர் கம்பெனி ஒரு குருகுலம் போன்றது. உண்பதும் உறங்குவதும் கம்பெனி வீட்டிலேயே. பாடத்தைக் கேட்டு நெட்டுருச் செய்தல், ஹார்மோனியத்தோடு சேர்ந்து பாடுதல், லகர ளகர ழகரங்களைப் பிறழாது ஒலித்தல், ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையினர் செவிக்கும் எட்டுமாறு குரலைச் செலுத்துதல் ஆகிய இவையே பாடம். நம் பள்ளி மாணவர் பத்தாண்டு பயின்றும் எய்தாத உச்சரிப்புத் தூய்மையை அச்சிறுவர் ஓரிரு ஆண்டில் எய்தினர். தமிழாசிரியராகிய நாம் இதனை நாணத்தோடேயே எழுதுகின்றோம்.

சண்முகம் அபிமன்யுவாக நடித்தற்பொருட்டுச் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாடல்களோடு ஒரே இரவில் எழுதி முடித்தார் என்னும் செய்தி, சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யில் காணப்படுகின்றது. படிப்போர் பலரும் எழுதிய விரைவையே வியப்பர். நாம் வியப்பது வேறொன்று. நம் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் களிமண் கூழை அச்சில் வார்த்து எடுக்கும் பொம்மைகள் நூறும் ஒரே முகமுடையன. சிறுவரையும் அவ்வாறு ஓரச்சில் வார்ப்பதே கம்பெனிகளின் பொது வழக்கு; முன்னவன் ஆடியவாறே பின்னவன் ஆடல் வேண்டும். அவ்வழக்கின் நடுவே, ஒரு சிறுவனின் குரலையும் வயதையும் ஆற்றலையும் அளந்து, அவ்வளவுக்கு நாடகம் சமைத்தார் சுவாமிகள்.

இனி, இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. சிறுவர் தாய் தந்தையரைப் பிரிந்து ஊரூராய்த் திரிந்தனர், பிரம்படி பட்டனர், பள்ளிக் கல்வியை இழந்தனர். வறுமையே அவருட் பலரை அங்குக் கொண்டு சேர்த்தது. எல்லாவற்றினும் கொடியது மகரக்கட்டு. பதின்மூன்று பதினான்கு வயதில் தொண்டை உடைந்தால், நேற்றுவரை கைதட்டல் பெற்ற ராஜபார்ட் இன்று கூட்டத்தில் நிற்கும் சேவகன் ஆவான்.

இதனை நாம் நூலில் மட்டும் கற்றோமல்லோம். பல்லாண்டுகளுக்கு முன் நாம் பணிபுரிந்த ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் அரிச்சந்திர நாடகம் பயிற்றினோம். நன்கு பாடிய மாணவன் ஒருவனுக்குக் குரல் மாறத் தொடங்கியதை அறிந்தும், விழா நெருங்கிவிட்டதென்று பழைய சுருதியிலேயே பாடச் செய்தோம். மேடையில் குரல் பிளந்தது. அவையோர் நகைத்தனர். அம்மாணவன் அதன்பின் நாம் அறியப் பாடியதில்லை. பிழை அவனதன்று, நமதே. ஈரம் உலராத மண்ணைச் சூளையிலிட்டால் வெடிக்கும் என்பது நம்மூர்ச் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

பாட்டே நாடகம் என்றிருந்த காலத்தில், பாடவியலாத சிறுவனுக்கும் ஒரு வாயில் திறந்தவர் எம். கந்தசாமி முதலியார். நடிகர் எம். கே. ராதாவின் தந்தையாராகிய இவர், ஜே. ஆர். ரங்கராஜுவின் நாவல்களை நாடகமாக்கிப் பாலர் குழுக்களுக்குப் பயிற்றினார். இவர் உரையாடலுக்கும் முகபாவத்திற்கும் முதன்மை தந்தமையால், குரல் உடைந்த பிள்ளைக்கும் கற்க ஒன்று எஞ்சிற்று என்பது நம் கருத்து. சென்னையில் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரும் நடிப்பைக் கற்பிக்கத்தக்க கலையாகவே கொண்டு அதற்கெனத் தனி நூலும் இயற்றினார். ஆயின் அவர் சபையினர் கற்றறிந்த பெரியோர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாய்ப் புகழ் பெற்ற பி. யு. சின்னப்பா, தொண்டை உடைந்தபின் விலகிச் சிலம்பமும் குஸ்தியும் பயின்றார்; குரல் மீண்டபின் 1940-இல் 'உத்தம புத்திரன்' படத்தில் நாடறிந்த நடிகரானார். அவர்க்கு மீண்டது, மீளாதவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

சுவாமிகளின் இறுதிக்காலம் நினைக்குந்தோறும் நெஞ்சை வருத்துவது. பக்கவாதத்தால் அவர் நா முடங்கிற்று. ஆயிரக்கணக்கான பாடல்களைச் சிறுவர் வாயில் ஏற்றியவர், தாம் பேசவியலாதவராய் அக்குழுவோடேயே இருந்தார். 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி உளது. புதுவைப் பல்கலைக்கழகத்து நாடகப் பள்ளி அவர் பெயர் தாங்கியது. நம்மூரிலிருந்து ஒரு பகலிற் சென்று மீளத்தக்க தொலைவு.

இவையனைத்தும் கேட்டிருந்த அன்பர், "அப்படியாயின் பையனை என்ன செய்வது, ஐயா?" என்றார். பள்ளியை நிறுத்த வேண்டாமென்றும், இவ்வாண்டு முழுதும் உச்சத்தில் பாட விடாமல் தாளமும் வசனமும் பயிற்றுமாறும் சொன்னோம். மறு ஞாயிறன்று மகனை அழைத்து வந்தார். பேசும்போதே அவன் குரல் இரண்டாய்ப் பிரிந்து ஒலித்தது. முதற் பாடமாக அவனை உரக்கப் படிக்கச் சொல்லவில்லை. மெல்லப் படிக்கச் சொன்னோம்.