தொப்பி: சொற்பொருள் வரலாறும் 1806ஆம் ஆண்டு நிகழ்வுகளும்

முன்னுரை

ஆங்கிலத்தில் 'கேப்' என்னும் சிறுசொல் தலையணி, புட்டியின் மூடி, துப்பாக்கியின் வெடிமூடி, தொகைக்கு விதிக்கப்பெறும் உச்ச வரம்பு, நாட்டின் அணியில் ஆடும் தகுதி எனப் பல பொருள்களை உணர்த்தும். தலைமூடியுடன் கூடிய மேலாடையைக் குறித்த 'காப்பா' என்னும் பிற்கால இலத்தீன் சொல்லே அதன் மூலம். தமிழில் இப்பொருள்கள் மூடி, உச்ச வரம்பு, தொப்பி எனத் தனித்தனிச் சொற்களில் நிற்கின்றன. எனினும் தொப்பி என்னும் சொல் தமிழகத்தில் தனக்கெனப் பொருள் விரிவு பெற்றுள்ளது. அவ்விரிவு 1806இல் வேலூரிலும் ஐதராபாத்திலும் எத்தகைய விளைவைத் தந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டுவனவும் போடுவனவும்

தமிழில் தலையணிப் பெயர்கள் ஏற்கும் வினைகள் கருதத்தக்கவை. முடி சூடப்படும், தலைப்பாகையும் பரிவட்டமும் கட்டப்படும், தொப்பியும் குல்லாயும் போடப்படும். சூடுவனவும் கட்டுவனவும் பெரும்பாலும் பெருமையைச் சுட்டுகின்றன. கோயிலில் பரிவட்டம் கட்டப்பெறுவது ஒருவரது உரிமையையும் சமூக மதிப்பையும் அறிவிக்கும் சடங்காகும். மாறாக, 'குல்லாய் போடுதல்' என்பது ஏமாற்றுதல் என்னும் பொருளில் வழங்குகிறது. தெலுங்கிலும் இந்தியிலும் 'டோபி' அணிவித்தலைக் குறிக்கும் தொடர்கள் இப்பொருளையே தருகின்றன. குல்லாய் பாரசீகக் 'குலாஹ்' என்பதன் திரிபு. பிறர் தலையில் தாம் விரும்பியதை ஏற்றுதல் என்னும் கருத்தே இத்தொடர்களுக்கு அடிப்படை எனக் கொள்ளலாம்.

இசைத்துறையில் மிருதங்கம், தவில் ஆகியவற்றின் இடப்பக்கம் தொப்பி எனப்படுகிறது, வலப்பக்கம் வலந்தலை. ஆள்பெயராகும்போது சொல்லின் பொருள் மாறுகிறது. 'தொப்பிக்காரர்' என்பது ஐரோப்பியரைக் குறித்தது. அணியின் பெயர் இனத்தின் அடையாளமாகவும், அதன்வழிச் சமயத்தின் அடையாளமாகவும் ஆயிற்று.

வேலூர், 1806

இப்பொருள் நிலைபெற்றிருந்த காலத்தில்தான் சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக் சிப்பாய்களுக்குப் புதிய தலையணியை விதித்தார். அதனுடன், அணிவகுப்பில் சமயக் குறிகளும் காதணிகளும் கூடா எனவும் தாடி மழிக்கப்பட வேண்டும் எனவும் விதிகள் வந்தன. அரசாணையில் அப்புதிய தலையணியின் பெயர் தலைப்பாகை என்பதே. தோலாலான அணியும் இறகுக் குஞ்சமும் கொண்ட அது, ஐரோப்பியத் தொப்பியை ஒத்திருந்தது. தோல் இரு சமயத்தார்க்கும் ஐயத்தை விளைத்தது. தொப்பியை அணிந்தவர் தொப்பிக்காரர் ஆவர் என்பது சொல்வழக்கே தந்த முடிவு. அதனை ஏற்பது மதமாற்றத்தின் தொடக்கம் எனச் சிப்பாய்கள் அஞ்சினர்.

மே மாதம் வேலூரில் மறுப்பு எழுந்தது. இருவருக்குத் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது. 1806 சூலை 10 விடியுமுன் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது. ஐரோப்பியர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி விரைந்து வந்து அடக்கியபோது சிப்பாய்கள் பல நூற்றுவர் கொல்லப்பட்டனர். கோட்டையில் திப்புவின் குடும்பத்தார் காவலில் இருந்தமையும் பிற குறைகளும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அவற்றைத் தள்ளுதற்கில்லை, எனினும் மே மாத மறுப்பு தலையணி பற்றியதே. கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டனர்.

ஐதராபாத்

சென்னைப் படையின் ஒரு பிரிவு நிசாமின் ஆட்சிப் பகுதியில், பின்னர்ச் செகந்தராபாத் எனப் பெயர்பெற்ற பாசறையில் நிலைகொண்டிருந்தது. அங்கும் இவ்வாணை கலக்கத்தை விளைத்தது. தலைமை ஏற்றிருந்த மாண்டிரெசர் தம் பொறுப்பிலேயே அதனை விலக்கினார். அங்கு வேலூர் நிகழவில்லை. ஒரே ஆணை, ஒரே படை, முடிவு வேறு. அணிபவர் அப்பொருளை எவ்வாறு கண்டனர் என்பதை அதிகாரம் செவிமடுத்ததே வேறுபாட்டிற்கு முதன்மைக் காரணம் எனலாம்.

அதே ஐதராபாத்தில் பிற்காலத்தில் 'ரூமி தொப்பி' நகரத்தார் பலரது விருப்பிற்குரிய அணியாயிற்று. ஆகவே தொப்பி இயல்பாகவே அயன்மை உடையது என்பது பொருந்தாது. விரும்பி அணிந்ததும் விதித்து அணிவித்ததும் ஒன்றல்ல.

முடிவுரை

அகராதிகள் தொப்பியின் பொருள்களை வரிசைப்படுத்துகின்றன. அவை எங்கு, எந்நாளில், எவர் வாயில் வழங்கின என்பதைப் பெரும்பாலும் சுட்டுவதில்லை. 'ஐரோப்பியர்' என்னும் பொருளைக் காலத்தோடு இணைத்துக் காணாதவிடத்து, வேலூர்ச் சிப்பாயின் அச்சம் அறியாமையாகவே தோன்றும். இணைத்துக் காணின் அது மொழியறிவின் வழிப்பட்ட அச்சம் எனத் தெளியலாம். செகந்தராபாத்தை அடுத்த தொழிற்பகுதியாகிய சனத்நகர் போன்ற, தெலுங்கும் தக்கணி உருதும் பிறமொழிகளும் கலந்து வழங்கும் இடங்களில் 'டோபி', 'குல்லாய்' தொடர்களைக் கள ஆய்வால் தொகுத்தல் தமிழ்ச் சொற்பொருளியலுக்குப் பெரிதும் பயன் தரும்.