மேடேறி வந்த காவிரி

குடகில் பிறந்து கர்நாடகத்தைக் கடந்து வரும் காவிரியை பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தார் அளக்கிறார்கள். வினாடிக்கு இத்தனை கன அடி என்று நாளிதழ்களில் நாம் படிக்கும் கணக்கு அங்கிருந்து வருவதுதான். அதைத் தாண்டியதும் ஒகேனக்கல். சின்னாறு வந்து சேர, பாறைகளுக்கிடையே பல கிளையாகப் பிரிந்து விழுந்து, மறுபடி ஒன்றாகி, மேட்டூருக்குப் போய்விடுகிறது. 1934 முதல் அங்கே அணையில் தேங்கி, டெல்டாவுக்குத் திறந்துவிடப்படுகிறது.

இத்தனை தண்ணீர் தன் மண்ணில் ஓடியும் தர்மபுரி மாவட்டம் வறண்டே கிடந்தது. நில அமைப்பு அப்படி. ஒகேனக்கல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 250 மீட்டரில் கிடக்கும் பள்ளம். பென்னாகரமும் தர்மபுரி நகரமும் 400 மீட்டருக்கும் மேலே. ஆறு மாவட்டத்தின் மேற்கு ஓரத்தை ஒட்டிப் பள்ளத்தில் போனது, சனங்கள் மேட்டில் நின்று பார்த்தார்கள்.

மேட்டில் கிடைத்தது போர் தண்ணீர். கருங்கல் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு கரைந்திருக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஆபத்து. பள்ளிக்கூடப் பிள்ளை சிரிக்கும்போது பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு தெரியும். ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டு இறுகும், முதுகு வளையும். காய்ச்சிக் குடித்தாலும் பயனில்லை. தண்ணீர் சுண்டச் சுண்ட ஃபுளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். குழந்தைக்கு நல்லது என்று நினைத்துக் காய்ச்சிக் கொடுத்த தாய்மார்களை எண்ணினால் மனம் கனக்கிறது.

இதற்கு மாற்றாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல், ஜப்பான் நாட்டுக் கடனுதவி, சுமார் 1,900 கோடி ரூபாய் செலவு, 2013 மே மாதம் தொடக்கம். ஆற்றில் எடுத்த தண்ணீர் யானைப்பள்ளத்தில் சுத்திகரிக்கப்பட்டு, மோட்டார் பலத்தில் மலையேறி, மடம் என்ற ஊரிலுள்ள பெரிய தொட்டிக்கு வருகிறது. அங்கிருந்து குழாய்கள் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் பிரிகின்றன. ஒரே மாவட்டமாக இருந்து 2004-இல் இரண்டானவை இவை. குழாயைப் பொறுத்தவரை இன்னும் ஒன்றுதான்.

குழாயின் வேலையைக் கடினமாக்குவது இங்கே மக்கள் வாழும் விதம். 2011 கணக்கெடுப்பின்படி தர்மபுரி மாவட்டத்தின் 4,497 சதுர கிலோமீட்டரில் 15,06,843 பேர். சதுர கிலோமீட்டருக்கு 335 பேர்தான். மாநிலச் சராசரியோ 555. ஆறில் ஐந்து பேர் கிராமத்துக்காரர்கள். பத்து வீடு ஓரிடத்தில், இருபது வீடு கரட்டுக்கு அப்பால், சித்தேரி மலையில் இன்னும் சிதறலாக. இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 6,700-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளை இந்தத் திட்டம் எட்ட வேண்டியிருந்தது. இவ்வளவு சிதறிய ஊர்களுக்கு ஆற்றை மேலேற்றியது பெரிய சாதனை என்றே நான் சொல்வேன்.

ஆனால் பயணத்தின் கடைசிப் பகுதியில்தான் கோளாறு. ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு வரும் ஒகேனக்கல் தண்ணீர் போதாதபோது, பல இடங்களில் போர் தண்ணீரையும் அதே தொட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். குடத்தைப் பிடிக்கும் பெண்கள் வாயில் வைத்ததுமே கண்டுபிடிக்கிறார்கள்: “இன்னிக்கு உப்புத்தண்ணி கலந்துட்டாங்க.” உப்பு நாக்குக்குத் தெரியும், ஃபுளோரைடு தெரியாது. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஒரு குழாய், புழங்க வேறு குழாய் என்று தொட்டியிலேயே பிரித்தாக வேண்டும். குடும்பத்துக்கு நாளைக்கு நாலு குடம் காவிரித் தண்ணீர் கலப்பில்லாமல் கிடைத்தாலே வியாதி நெருங்காது.

ஃபுளோரைடின் கறை, பல் உருவாகும் சிறு வயதில் விழுவது. 2013-க்குப் பின் பிறந்தவர்களில் மூத்த பிள்ளைகளுக்கு நிலைப்பற்கள் முளைத்துவிட்டன. பள்ளி பள்ளியாகப் போய் அந்தப் பற்களைப் பார்த்தால், எந்தெந்த ஊருக்குக் காவிரி உண்மையாகவே போய்ச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். அந்தக் கணக்கெடுப்பை ஊர்வாரியாக எடுத்து வெளியிட வேண்டும்.